ஓரவஞ்சனைக்கு ஓர் உதாரணம்

அலுவலகத்தில் அவரை எல்லாரும் உதாரணம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. "உதாரணம் வந்துட்டாரா?", "உதாரணத்துக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா" என்று குரல் கீழ்த்தளம் வரைக்கும் கேட்கும். புதிதாக டீ கொண்டுவந்தவர் ஒருநாள், "எதுக்கு உதாரணம்?" என்று கேட்டார். அங்கே இருந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. அவரும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அவர் செய்யும் வேலையை உலகத்தில் வெகு சிலரே செய்கிறார்கள். அவர்களும் செய்யாவிட்டால் உலகம் நின்றுவிடாது. பள்ளிப் பிள்ளைகளுக்காக அகராதி போடும் பதிப்பகம் அது. சொற்களைத் திரட்டுவது ஒருவர், பொருள் எழுதுவது இன்னொருவர். அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஒரு வாக்கியம் வேண்டுமே, அதை எழுதுவது இவர். எந்த அகராதியிலாவது "களைப்பு: வெகுதூரம் நடந்ததால் அவனுக்குக் களைப்பு ஏற்பட்டது" என்று படித்துவிட்டு, இதை எழுதக்கூட ஓர் ஆளா என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த ஆள் இவர்தான். அந்த வாக்கியத்துக்கு அவர் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிட்டிருக்கிறார்.

மூன்றாம் மாடியில் அவருடைய மேஜை. மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும், போடாவிட்டால் ஆள் வேகும். எனவே ஒவ்வொரு காகிதக் கட்டின்மேலும் ஒரு பழைய அகராதியைப் பாரமாக வைத்திருந்தார். அகராதிக்கு ஓய்வுபெற்ற பிறகு கிடைக்கும் வேலை அதுதான்.

இந்த முறை வந்தது ஒத்த சொல் அகராதி. ஒரே பொருள் தரும் சொற்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் தரவேண்டும். ஆசிரியராக இருந்த பெண்மணி சிவப்பு மையைத் தவிர வேறு மையைத் தொட்டவரில்லை. அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். வாக்கியத்தில் இருக்கும் சொல்லை எடுத்துவிட்டு, அதன் உடன்பிறப்பை அங்கே வைத்துப் பார்ப்பார். வாக்கியம் அப்போதும் ஓடினால், வாக்கியம் அவுட்.

"அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கணும் சார்," என்பார். "அண்ணன் சட்டையைத் தம்பி போட்டா தொளதொளன்னு தெரியணும்."

இப்படிச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மயிரிழை தேடுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கண்ணையும் சேர்த்துக் கழற்றிவிடுவார். வீட்டுக்குள் அவருக்கு எல்லாம் ஒன்று.

வீட்டில் எல்லாம் ஒன்றாக இல்லை என்பதுதான் சிக்கல். மாடியில் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். கீழே அம்மா, இவர், இவர் மனைவி. மாடி அறைக்கு நல்ல பெரிய ஜன்னல்; காற்று கேட்டுக்கொள்ளாமலே வரும். கீழ் அறைக்கும் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மறுபக்கச் சுவரை ஒட்டித் தண்ணீர் மோட்டார். விடிந்ததும் அது ஓட ஆரம்பித்தால் கட்டில் உதறும். கல்யாணமான புதிதில் மாடியில் இருந்தவர்கள் இவர்கள்தான். தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது அம்மா, "புதுசா வந்தவங்க, கொஞ்ச நாள் மாடியில இருக்கட்டும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. புதுசா வந்தவங்களுக்கு நரைத்துவிட்டது.

தக்காளி வாங்கினால் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். கெட்டியானது மாடிக்கு. கொழகொழத்தது கீழே. "இன்னிக்கே சமைச்சிடும்மா, நாளைக்குத் தாங்காது" என்று அன்பாகவே சொல்லுவார்.

இவர் மனைவி இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார். "ஓரவஞ்சனை." கோபமாகச் சொல்லமாட்டார், பால் பாக்கெட்டில் தேதி படிக்கிற குரலில் சொல்லுவார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்பார் இவர். "அம்மாவுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"அப்ப மோட்டார்?"

"மோட்டார் எங்கயாவது இருக்கணும்ல?"

மனைவி வேலை பார்த்தது மின்வாரியத்தின் குறைகேட்கும் பிரிவில். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் எந்தெந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று கேட்டுக்கொள்ளும் வேலை. அவர் ஒருநாள் கணவரிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார்: "ஏங்க, எங்க ஆபீஸ்ல நாங்க யாரும் கம்பத்துல ஏறி விளக்கு போடறதில்ல. 'ஆமாங்க, உங்க தெருவுல விளக்கு இல்ல'ன்னு ஒப்புக்கறோம். பாதிப் பேரு அதுலயே சமாதானமாயிடறாங்க. எனக்கு அறையும் வேண்டாம், தக்காளியும் வேண்டாம். ஒரே ஒரு தடவை நீங்க 'ஆமா'ன்னு சொல்லுங்க. போதும்."

அவர் சொல்லவில்லை. ஆமா என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப என்ன பண்ணப் போறீங்க என்பதாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கேள்விக்கு அவரிடம் உதாரணம் இல்லை. ஆகவே வருடக்கணக்காக அம்மாவுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாகவே இருந்தார்கள்.

அப்போதுதான் அகராதியில் "வேறுபடுத்தல்" என்ற சொல்லின் முறை வந்தது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து அறிதல் என்று பொருள் போட்டு, கீழே அதன் சொந்தபந்தம் முழுவதையும் வரவழைத்திருந்தார்கள். வித்தியாசம், வேறுபாடு, பேதம், இனங்காணல், தரம் பிரித்தல், பாகுபாடு, பாரபட்சம், கடைசியில் ஓரவஞ்சனை. இன்னும் இரண்டு மூன்று பேர் தாமதமாக வருவதாகச் செய்தி.

அவர் முதலில் மேஜையில் கிடந்ததை வைத்தே எழுதினார்: "இரண்டு பேனாக்களுக்கும் வித்தியாசம் உண்டு." ஆசிரியர் அங்கே வேறுபாட்டை வைத்தார், ஓடியது. வேற்றுமையை வைத்தார், கொஞ்சம் நொண்டினாலும் ஓடியது. அப்படியே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, "எட்டு பேரையும் ஒரே நாற்காலியில உக்கார வெச்சிருக்கீங்களே சார்" என்றார். இவர் பேனாவைப் பென்சிலாக மாற்றினார். பென்சிலை ஆட்டுக்குட்டியாக மாற்றினார். ஆட்டுக்குட்டியையும் சிவப்பு மை விடவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் முதல் வேலையாக இவர் எழுதிய வாக்கியம்: "தக்காளியைத் தரம் பிரித்து, நல்லவற்றை மாடிக்கு அனுப்பினார்."

ஆசிரியர் வித்தியாசத்தை வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. பேதத்தை வைத்தார், விழுந்தது. "இதுதான் சார்!" என்று ஒரு டிக் போட்டார். அவர் டிக் போடும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

முதல் தடவை கை வைக்கும்போதுதான் கை கூசும். அதன் பிறகு அவர் வீட்டிலிருந்து தாராளமாக எடுத்துவர ஆரம்பித்தார். வித்தியாசத்துக்கு, "யார் போட்ட டீ என்று வித்தியாசம் தெரிந்தும் அவர் சொல்லவில்லை." வேறுபாட்டுக்கு, "அண்ணனுக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அண்ணன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்." பேதத்துக்கு, "மாடி, கீழ்வீடு என்ற பேதம் பாராமல் குழாயில் தண்ணீர் நின்றது." படியில் இறங்குவது யாரென்று செருப்புச் சத்தத்தை வைத்தே இனங்கண்டு முகத்தை மாற்றிக்கொண்ட ஒருவரைப் பற்றியும் எழுதினார். எல்லாவற்றுக்கும் டிக். தன் வீடு இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கடைசி மூன்றுதான் முரண்டு பிடித்தன. பாகுபாடு, பாரபட்சம், ஓரவஞ்சனை. எதை எழுதினாலும் மற்ற இரண்டும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆசிரியர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு விளக்கினார்.

"பாகுபாடு சட்டத்துல வர்ற ஆளு சார். வேலைக்கு எடுக்கறப்போ பாகுபாடு கூடாதும்பாங்க. பாரபட்சம் கொஞ்சம் பதவியில இருக்கறவங்க பண்றது. நடுவர், அதிகாரி. செய்தித்தாள்ல வரும். ஓரவஞ்சனை வேற. அது அடுப்படிச் சொல். பாசம் இருக்கற இடத்துலதான் அது நடக்கும். சம்பந்தமே இல்லாத ஆளு உங்களுக்கு ஓரவஞ்சனை பண்ணவே முடியாது."

அவர் தன் மேஜைக்குத் திரும்பினார். பாகுபாட்டுக்குச் சட்டத்தையும் பாரபட்சத்துக்கு ஒரு நடுவரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு எழுதினார்: "மாமியார் ஜன்னல் உள்ள அறையை இளைய மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, மோட்டார் பக்கத்து அறையை மூத்த மருமகளுக்குக் கொடுத்து ஓரவஞ்சனை செய்தார்."

வாய் இத்தனை வருடம் சொல்ல மறுத்ததைப் பேனா ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனது.

ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். "மோட்டார்!" என்றார். "அந்த மோட்டார் இருக்கே சார், அங்கதான் நிக்குது வாக்கியம். என்ன கற்பனை உங்களுக்கு!"

கற்பனை என்ற பாராட்டை அவர் வைத்துக்கொண்டார். பிறகு மற்ற சொற்கள் வந்தன, போயின. வீட்டிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அகராதி அச்சுக்குப் போவதற்கு முன் மெய்ப்புப் பார்க்கவேண்டும். அங்கே அதற்கு ஒரு முறை. ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் புள்ளி, கால்புள்ளி உட்படச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் அச்சான தாளில் பென்சிலோடு பின்தொடர்வார். சத்தமாகப் படிப்பதற்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். வாசிப்பவர் என்றால் அவர்தான். "ச" வரைக்கும் வந்ததும் அவருக்குத் தொண்டை போய்விட்டது. பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அலுவலகத்தில் சைகை காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீதி எழுத்துகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, வீட்டுக்கு எடுத்துப்போய் வீட்டிலுள்ளவர்களைப் படிக்கவைத்து முடிக்கும்படி ஆசிரியர் சொன்னார். உதாரணத்தின் பங்குக்கு வந்தது "வ".

வேறுபடுத்தல் "வ"வில் இருக்கிறது என்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. வீட்டில் சத்தமாகப் படிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான் என்பதும் ஞாபகம் வந்தது. நேராக ஆசிரியர் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த ஓரவஞ்சனை வாக்கியத்தை மாத்திடலாமான்னு..."

"ஏன்? அதுக்கு என்ன?"

"கொஞ்சம் குடும்ப விஷயமா இருக்கு. பழக்கடைக்காரர்னு வெச்சுக்கலாமே."

"பழக்கடைக்காரர் எடையில ஏமாத்துவார். ஓரவஞ்சனை பண்ண அவருக்கு ஏது சார் நேரம்?"

"பிள்ளைங்க படிக்கிறது..."

"பிள்ளைங்களும் வீட்டுலதானே இருக்குங்க? சரி, வெச்சுட்டுப் போங்க, யோசிக்கறேன். நீங்க 'வ'வை முடிச்சுட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மனைவி கையில் கையெழுத்துப் பிரதி, இவர் கையில் மெய்ப்பு. அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேச்சுக் குரல் கேட்டால் அவருக்குத் தூக்கம் நன்றாக வரும்.

மனைவி படிக்க ஆரம்பித்தார். குறைகேட்கும் பிரிவுக் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வடிகால் முற்றுப்புள்ளி, வணக்கம் முற்றுப்புள்ளி என்று "வ" வேகமாக நகர்ந்தது. இவர் முன்யோசனையாகக் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி, உட்கார்ந்திருந்த நாற்காலியில் தனக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வேளைக்கு அப்புறம் நேரா வேனல் வருதே," என்றார் மனைவி.

"ஆமா, அப்படித்தான்."

"பக்க எண் ஒண்ணு குறையுது."

"அது ஆபீஸ்லயே பாத்தாச்சு."

"பாத்தாச்சுன்னா அச்சடிச்ச தாள் மட்டும் உங்க முன்னால எப்படி இருக்கு? எழுந்திருங்க கொஞ்சம்."

தினமும் நூறு பேர் சொல்லும் பொய்யைக் கேட்டுப் பழகியவரிடம் இதைச் செய்திருக்கக் கூடாது. அவர் எழுந்தார். தாள் கொஞ்சம் கசங்கியிருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"வேறுபடுத்தல் முக்காற்புள்ளி," என்று மனைவி தொடர்ந்தார். டீ வாக்கியத்தைப் படித்தார். அண்ணன் கருத்தை மாற்றிக்கொண்டதைப் படித்தார். குரல் மாறவில்லை; ஆனால் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி கூடியது. "தக்காளியைத் தரம் பிரித்து கால்புள்ளி நல்லவற்றை மாடிக்கு அனுப்பினார் முற்றுப்புள்ளி."

"எந்த வீட்டுல?" என்றது அடுத்த அறை.

"அகராதியில அத்தை."

"அப்படியா."

பாகுபாடு போனது. பாரபட்சம் போனது. "ஓரவஞ்சனை முக்காற்புள்ளி. மாமியார் ஜன்னல் உள்ள அறையை இளைய மருமகளுக்குக் கொடுத்துவிட்டு கால்புள்ளி மோட்டார்..."

மோட்டாரில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதியைப் படித்து முடித்து, முற்றுப்புள்ளியையும் சொன்னார்.

"இதை யாரு எழுதினது?"

"அகராதிக்கு எழுதினது."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான். வேலைதானே, ஏதாவது ஒண்ணு எழுதணும்ல..."

"டேய்," என்றது அடுத்த அறை. "மோட்டார்னு ஏதோ கேட்டுதே. நம்ம மோட்டாரா?"

"பொதுவா ஒரு மோட்டார்மா."

"பொதுவா எவன் படுக்கையறைச் சுவத்துல மோட்டார் வெப்பான்? அதை வெச்சது உங்கப்பா ஒருத்தர்தான்."

அம்மா எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை படிம்மா. புள்ளியெல்லாம் வேண்டாம், விஷயத்தை மட்டும் படி."

மனைவி படித்தார். புள்ளி இல்லாமல் கேட்டபோது வாக்கியம் இன்னும் மோசமாக இருந்தது.

"நீ இப்படித்தான் நெனச்சிட்டிருக்கியா?" என்றார் அம்மா, மகனைப் பார்த்து.

மனைவி பிரதியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். வருடக்கணக்காக அவர் கேட்டது ஒரே ஒரு ஆமா. அதைச் சொல்லவேண்டிய இடம், கேட்கவேண்டிய ஆள், பக்கத்தில் இருக்கக் கூடாத ஆள், எல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. இவர் மென்மையான ஒரு சொல்லைத் தேடினார். வேறு எந்த மனிதனையும்விட அவரிடம் கையிருப்பு அதிகம்.

"ஒரு விதத்துல பாத்தா வித்தியாசம்னு வேணா..."

"வித்தியாசத்துக்குத்தான் மேலேயே டீயைப் போட்டுட்டீங்களே," என்றார் மனைவி.

"கருத்து வேறுபாடுன்னு..."

"அதுக்கும் ஆளு இருக்கு. நீங்கதான்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஆமா," என்றார். "ஓரவஞ்சனைதான்."

ஒன்றும் இடிந்து விழவில்லை. மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மனைவி மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டார், ஜலதோஷமாகக்கூட இருக்கலாம். அப்ப என்ன பண்ணப் போறீங்க என்ற கேள்வி வரவே இல்லை.

அம்மாதான் முதலில் பேசினார். "சரியாத்தானே எழுதியிருக்கான். நான் அதைத்தானே பண்ணினேன்."

இத்தனை வருடம் மகன் யாருக்காக வாதாடினாரோ, அந்த ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆனா அதுக்கு இவ்வளவு கெட்ட பேரு வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார் அம்மா. "ஆள் பாத்து நடந்துக்கறதுன்னு நெனச்சேன். சின்னவ வாய்விட்டுக் கேப்பா, குடுக்கலைன்னா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. நீ கேக்க மாட்டே. கேக்கறவளுக்கு நல்லதைக் குடுத்தா வீடு நிம்மதியா இருக்கும்."

"வீடு நிம்மதியாத்தான் இருந்தது அத்தை. நான்தான் இல்ல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"இவர்கிட்டதான் கேட்டேன்."

"இவன்கிட்டயா?" அம்மா திரும்பினார். "டேய், என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"அப்ப நீங்க அத்தைகிட்ட பேசவே இல்லியா?" என்றார் மனைவியும்.

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில், ஒரே ஆளை, ஒரே மாதிரி பார்த்தது அந்த வீட்டில் அன்றுதான். அவர் மெய்ப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எழுத்துப்பிழை ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி, இப்பக் கேளு," என்றார் அம்மா. "என்ன வேணும்? அந்த அறையா? சாயங்காலமே அவங்களைக் கீழ வரச் சொல்றேன்."

மனைவி யோசித்தார். குறை தயாராக இருந்தது. கோரிக்கை தயாராக இல்லை. "அறை வேண்டாம் அத்தை. இனிமே மோட்டார் ஓடலைன்னா எனக்கு முழிப்பே வராது."

"தக்காளி?"

"தக்காளியை நானே வாங்கிக்கறேன்."

"அப்ப வேற என்னதான் வேணும்?"

"இந்த வாக்கியம் இப்படியே அச்சாகணும். ஒரு எழுத்து மாறக் கூடாது."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "என் பேரு இருக்கா அதுல?"

"மாமியார்னுதான் இருக்கு."

"மரியாதையா, 'செய்தார்'னுதானே போட்டிருக்கான்?"

"ஆமா அத்தை."

"அப்ப அச்சாகட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி படுக்கப் போனார். மனைவி அடுத்த தாளை எடுத்தார். வேனல் முக்காற்புள்ளி என்று படித்த குரலில் ஏதோ ஓர் ஏற்றம் இருந்த மாதிரி அவருக்குப் பட்டது. கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் துணிச்சல் அன்றைய பங்குக்குத் தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை "வ"வைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆசிரியர் உற்சாகமாக இருந்தார்.

"நீங்க சொன்னதை நல்லா யோசிச்சேன் சார். உங்க கட்சிதான் சரி. மாமியார், மருமகள்னு எதுக்கு வம்பு? மாத்திட்டேன்." தன் பிரதியைத் திருப்பிக் காட்டினார். மோட்டாரின்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் புதிய வாக்கியம்: "பயிற்சியாளர் தன் மகனை மட்டும் ஆட்டத்தில் சேர்த்து ஓரவஞ்சனை செய்தார்." "எப்படி? பாசமும் இருக்கு, பதவியும் இருக்கு."

"மேடம், பழைய வாக்கியமே இருக்கட்டுமே."

"நீங்கதானே மாத்தச் சொன்னீங்க!"

"ஆமா. இப்ப வேண்டாங்கறேன்."

"காரணம் சொல்லுங்க. பயிற்சியாளர் எந்த விதத்துல மட்டம்?"

பயிற்சியாளரின்மேல் பழி போட அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அந்த இடத்தில் பாரபட்சத்தை வைத்தாலும் வாக்கியம் ஓடும் என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார், வீட்டு விஷயம் வீட்டிலேயே இருந்திருக்கும். வாசிப்பவர் பக்கத்து மேஜையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தார். பேச முடியாதவர்கள் நன்றாகவே கேட்பார்கள்.

"அது கற்பனை இல்ல மேடம்," என்றார். "எங்க வீடு. மாமியார் எங்கம்மா. மூத்த மருமக என் மனைவி. மோட்டார் பக்கத்து அறையில நானும்தான் படுத்திருக்கேன். நேத்து ரெண்டு பேரும் உக்காந்து இதை ஒப்புக்கிட்டாங்க. இனிமே மாத்தறதுன்னா அவங்க ரெண்டு பேரையும் கேக்கணும்."

ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்து, தான் அடித்த வரியின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதினார். அடித்ததை மீட்க அங்கே அதுதான் வழக்கம். பயிற்சியாளரை ஒரே கோட்டில் வெளியேற்றினார்.

"ரொம்ப நன்றி மேடம்."

ஆசிரியர் பேனாவுக்கு மூடியைப் போட்டார். "நான் எங்க வீட்டுல இளைய மருமக சார்," என்றார்.

கிளம்பத் திரும்பியவர் நின்றார்.

"ஜன்னல் எங்க பக்கம்தான். ரெண்டு ஜன்னல்." பேனா மூடியைக் கழற்றி மறுபடியும் போட்டார். "அக்கா ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லையே சார். சிரிச்ச முகமாத்தானே இருப்பாங்க?"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் அவர், மரியாதையாக.

அன்று ஆசிரியர் நேரமாவதற்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தலைவலியா என்று வாசிப்பவர் நெற்றியைத் தொட்டுச் சைகையில் கேட்டார்.

"இல்லம்மா," என்றார் ஆசிரியர். "வீட்டுல ஒருத்தரை ஒண்ணு கேக்கணும்."